செவ்வாயில் பொன்னுக்குவீங்கி

நான்காம் மனை. நாள் 611, காலை 7.10

மின்கலம் எண்பத்தொன்று. காற்று சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். வெளியே புழுதிப்புயல். கண்ணாடியில் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மனைக்குள் இருக்கும் பெரியவர் எவரோ அவர் தினமும் இதை எழுத வேண்டும் என்பது இங்கே விதி. பின்னால் யார் கதவைத் திறந்து வந்தாலும் உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். இதுவரை என் மகன் நயினார் எழுதினான். அவனும் அவன் பெண்டாட்டி மங்கையும் பனிக்கட்டி தோண்டும் துளைமுனைக்குப் போன இடத்தில் புயல் மூடிக்கொண்டது. திரும்பி வரும் வழி முழுக்கப் பெரும்பள்ளத்தின் விளிம்பு. கண் தெரியாமல் வண்டி ஓட்ட முடியாது. அங்கே அவர்களுக்கு ஒரு கூண்டு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. இங்கே நானும் பேத்தி செம்பாவும். ஆகவே பெரியவர் நான்தான். பெயர் உச்சிமாகாளி. படிப்பு ஐந்து. பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளவும்.

பிள்ளை பெற்றவர்கள் ஊரிலிருந்து தாயை அமெரிக்காவுக்குக் கூப்பிட்ட காலம் உண்டு. என்னைச் செவ்வாய்க்குக் கூப்பிட்டார்கள். எட்டு மாதம் கலத்தில் கிடந்து வந்து இறங்கி, குழந்தையைத் தூக்கக் கை நீட்டியபோது மங்கை சொன்னாள், கையை ஸ்பிரிட்டில் கழுவிவிட்டுத் தொட வேண்டும் என்று. ஐந்து பிள்ளை வளர்த்த கை. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். இங்கே வருஷத்துக்கு 668 நாள்; பூமிக் கணக்கில் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மனை, ஒரே மேசை. சொல்ல வேண்டியதைச் செம்பா வழியாகச் சொல்லிக்கொள்வோம். மூன்று வயதிலேயே அவள் அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள்.

செம்பாவுக்கு வலது தாடை லேசாக வீங்கியிருக்கிறது. பொன்னுக்குவீங்கி. வேறு விசேஷம் இல்லை.


நாள் 611, மாலை

என் சங்கிலியைக் கழற்றிச் செம்பா கழுத்தில் போட்டேன். பொன்னுக்குவீங்கிக்குப் பொன் போட்டால் இறங்கும். கண்ணாடி முன்னால் நின்று கல்யாணப்பெண் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெருமனையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ரேடியோவில் சொன்னேன். டாக்டர் சற்குணம் இணைப்பில் வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்து நாசரேத்துக்காரர். நான் இந்தக் கிரகத்தில் இறங்கிய அன்று பரிசோதனை அறையில் என்னை மறந்து பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர். அது எனக்கு மறக்காது. இருந்தாலும் மரியாதையாகவே பேசினேன். துளைமுனையிலிருந்து நயினாரும் மங்கையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சற்குணம்: “சங்கிலி போட்டாச்சா ஆச்சி?”

போட்டாச்சு என்றேன். சிரித்தார்.

சற்குணம்: “எங்கம்மா எனக்கு அவ தாலிச் செயினயே கழட்டிப் போட்டா. நான் அதையும் போட்டுக்கிட்டுத் தெருவுல கோலி விளையாடினேன். ஒரு வாரம் பாப்போம். கஞ்சி குடுங்க.”

நயினாரும் சிரித்தான். அவனுக்கு நாலு வயதில் வந்தது. ஆனி மாதம், இடது பக்கம் முதலில். என் தங்கைக்கு வந்தது கோவில் கொடைக்கு மறுநாள். என் கொழுந்தனுக்குக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து, மாலையும் வீக்கமுமாக நிற்கிற போட்டோவை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். எல்லோருக்கும் சங்கிலி போட்டோம். எல்லோருக்கும் இறங்கியது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மங்கை மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவள் எப்போது என் பேச்சுக்கு ஆமாம் போட்டாள்.


நாள் 613, காலை 8.00

மின்கலம் எழுபது. கூரைப் பலகைகளில் புழுதி படிந்திருக்கிறது. அடுப்பை ஒரு வேளைக்குக் குறைத்தேன்.

வீக்கம் கூடிவிட்டது. தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. மற்றவர்களுக்குப் பஞ்சு மாதிரி இருந்தது. இந்தக் கிரகத்தில் எல்லாமே கெட்டியாகத்தான் வரும்போல. ஊரிலிருந்து கொண்டுவந்த வேப்பிலைப் பொடியில் மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டேன்.

சுவரில் இருக்கும் மருந்துப்பெட்டி நேற்றிலிருந்து நச்சரிக்கிறது. “வீக்கம் பதிவாகியுள்ளது. ஒரு துளி ரத்தம் தேவை.” அம்மை வகை எது வந்தாலும் உடம்பில் இரும்பு படக் கூடாது. ஊசி ஆகாது. பெட்டியின் குரலை அமர்த்திவிட்டேன்.

நேற்று மத்தியானம் துளைமுனையிலிருந்து மங்கை கூப்பிட்டாள். காதில் மாட்டும் குழாயைச் செம்பா மாட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினாள். வாயில் மிட்டாய் அடக்கியதுபோல் சொற்கள் குழறுகின்றன. முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஆச்சி, அம்மா ஒன்ன நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுதா. ஒனக்கு முழங்கால் வலி எப்பிடி இருக்குன்னு கேட்டா.”

ஆறு வருஷத்தில் முதல்தடவையாக என் முழங்காலை நினைத்திருக்கிறாள். பிள்ளைக்கு நோவு வந்ததும் புத்தி வந்திருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.


நாள் 615, காலை

இரவில் செம்பாவுக்கு ஒரு பல் விழுந்தது. ஆறு வயதில் பல் விழுவது வழக்கம்தான். ஆனால் விழுந்தது பின்பல். பக்கத்தில் இன்னும் இரண்டு ஆடுகின்றன. வலது கண் சற்றே மேலே தள்ளியிருக்கிறது.

குளிப்பாட்டத் துணியைக் கழற்றியபோது நெஞ்சிலும் முதுகிலும் பார்த்தேன். நாவல்பழம் பதித்த மாதிரி ஊதாத் தடிப்புகள். அரிப்பு இல்லை, நீர் கோக்கவில்லை. நான் பார்த்த எந்த அம்மையும் இந்த நிறத்தில் வந்ததில்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். பற்றைக் கழுவிவிட்டு மருந்துப்பெட்டியின் கேமரா முன்னால் முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதுகைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

சற்குணம்: “ஆச்சி. பொன்னுக்குவீங்கி ஒட்டுவாரொட்டி. பிள்ளைக்கு யாருட்ட இருந்து ஒட்டுச்சு?”

இந்த மனையில் நாலு பேர். போன மழைக்காலத்துக்குப் பிறகு யாரும் வரவில்லை என்று ஊரில் சொல்வோம். இங்கே மழை ஏது. வெகுகாலமாக வெளியாள் ஒருவரும் வந்ததில்லை. எங்களில் யாருக்கும் வீக்கம் இல்லை. யாருமில்லை என்றேன்.

சற்குணம்: “இந்தக் கிரகத்துல அந்தக் கிருமியே கிடையாது. கலத்துல ஏத்தும்போதே எல்லாருக்கும் பாத்துத்தான் விடுதோம்.”

“அது ஒங்களுக்கு அன்னைக்கே தெரியாதா?” என்று கேட்டேன்.

சற்குணம்: “தெரியும் ஆச்சி. பொன்னுக்குவீங்கின்னு சொன்னிய. எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துட்டு.”

இதையும் நான் மறக்கப் போவதில்லை.


நாள் 615, மாலை 6.30

ரத்தம் எடுத்தேன். விரலைப் பெட்டியில் வைத்ததும் அதுவே குத்திக்கொண்டது. செம்பா அழவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெட்டி கண்டதை டாக்டர் பெருமனையிலிருந்து பார்த்துவிட்டு எல்லோரையும் இணைப்பில் வைத்துச் சொன்னார். ரத்தத்தில் வருகிற புற்று. கட்டியாகத் திரளும் வகை. தாடை எலும்பில் முதலில் தலைகாட்டும். தோலில் தடிப்பாக வருவது அபூர்வத்திலும் அபூர்வம். அவர் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். பெயர் சொன்னார். நான் எழுதவில்லை. அதற்கு எழுத்துக்கூட்டி மரியாதை செய்ய எனக்கு இஷ்டமில்லை.

மனுஷ உடம்பில் வருகிற கட்டிகளில் இதைப் போல் வேகமாக வளர்வது வேறில்லையாம். இன்றைக்கு எலுமிச்சை அளவு என்றால் நாளை, நாளை மறுநாள் இரண்டு எலுமிச்சை. ஆனால் சீக்கிரம் பிடித்து மருந்து ஏற்றினால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள், பெரும்பாலும் பிழைக்கிறார்கள் என்றார். அந்த மருந்து பெருமனை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பறக்கும் வண்டி புழுதி அடங்காமல் எழும்பாது. புழுதி எப்போது அடங்கும் என்று அவருக்கும் தெரியாது.

அப்போது மங்கை பேசினாள். என்னிடம். நேராக.

மங்கை: “அன்னைக்கே ஒரு சொட்டு ரத்தம் எடுக்கச் சொன்னேனே அத்தை.”

“எங்கிட்ட யாரும் சொல்லல” என்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு நான் சொன்ன முதல் சொல் இதுதான்.

மங்கை: “செம்பாட்ட சொன்னேன். ஆச்சிட்ட கண்டிப்பா சொல்லு, ஊசி வலிக்காதுன்னு சொன்னேன்.”

திரும்பிப் பார்த்தேன். செம்பா கண்ணை இறுக்க மூடித் தூங்குவதுபோல் கிடந்தாள். இமை மட்டும் ஆடியது. ஊசிக்குப் பயந்த பிள்ளை. ஊசியைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு எனக்கு என் முழங்காலைக் கொடுத்திருக்கிறாள்.

“ஒன் முழங்கால் வலி எப்பிடி இருக்குன்னு நீ கேட்டதா சொன்னா” என்றேன்.

மங்கை: “நான் கேக்கலியே அத்தை.”

இரண்டு பேரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.


நாள் 617, காலை

மின்கலம் ஐம்பத்திரண்டு.

நாக்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது கட்டி. கஞ்சி இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார வைத்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், நடுவில் ஒரு நிறுத்தம், வெளியே வரும்போது ஒரு கரகரப்பு.

சுவர்ப்பெட்டியில் பூட்டிய அறையில் ஒரு ஊசிமருந்து இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. இந்தக் கட்டியையும் அது கரைக்குமாம், கொஞ்ச நாளைக்கு. டாக்டர் அதைத் திறக்கத் தயங்குகிறார். காரணம் கேட்டேன். கட்டி வேகமாகக் கரைந்தால் அதிலிருக்கிற கழிவெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும், சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் என்றார்.

சற்குணம்: “இங்கன்னா ரத்தத்த வெளிய எடுத்து வடிகட்டி உள்ள விட்டுருவேன் ஆச்சி. அங்க அதுக்கு மிஷின் இல்ல.”

“போடாட்டி?”

சற்குணம்: “நாளைக்குள்ள மூச்சு அடைக்கும்.”

நயினாரிடம் கேட்டார். அவன் அழுகிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; இரண்டு சட்டையைக் காட்டி எது வேண்டும் என்றாலே அழுவான். மங்கைதான் சொன்னாள்.

மங்கை: “போடுங்க அத்தை.”

போட்டேன். கூடவே நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்ற வேண்டும், கழிவை அலசிவிட. பெட்டி விரலில்தான் குத்தும். நரம்புக்கு மனுஷக் கை வேண்டும். டாக்டர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஸ்பிரிட்டில் கையைக் கழுவினேன். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. செம்பா கையை இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

“வலிக்கவே இல்ல ஆச்சி” என்றாள். பொய்தான். அம்மாவிடம் கேட்ட பாடத்தை என்னிடம் ஒப்பித்தாள்.


நாள் 618, மாலை

இறங்குகிறது. கண் திரும்பக் கீழே வந்துவிட்டது. முதுகில் நாவல்பழங்கள் வாடி, பழைய காயம் மாதிரி மஞ்சளாகின்றன. மத்தியானம் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். இன்னும் கேட்டாள்.

நயினார் ரேடியோவில் அவளைப் பாடச் சொன்னான். பாட மாட்டேன் என்றாள். வரும்போது என்ன வாங்கி வர என்று கேட்டான். துளைமுனையில் என்ன கடையா இருக்கிறது என்று கேட்டாள் இவள். எல்லோரும் சிரித்தோம். மங்கை சிரித்து நான் கேட்டது இதுதான் முதல்தடவை. நன்றாகத்தான் இருக்கிறது.

டாக்டர் மட்டும் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளை சாப்பிடுகிறது, பேசுகிறது, இந்த மனுஷனுக்கு இதுதான் கவலை.


நாள் 619, காலை

நேற்று இரவிலிருந்து போகவில்லை.

முகம் முழுக்க உப்பியிருக்கிறது. இது கட்டி வீக்கம் இல்லை, தண்ணீர். காலை அழுத்தினால் குழி விழுகிறது. வாந்தி எடுக்கிறாள். பெட்டியைக் கேட்டால் ரத்தத்தில் ஏதேதோ உப்பு ஏறிவிட்டது என்று எண் எண்ணாகச் சொல்கிறது. எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

டாக்டர் இருந்த மருந்தையெல்லாம் சொன்னார். எல்லாம் போட்டேன். உப்புத்தண்ணீரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அடிவயிற்றில் வெந்நீர்த் துணி வைத்தேன், அது அவர் சொல்லாதது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

புழுதி கொஞ்சம் மெலிந்திருக்கிறது. கண்ணாடியில் கம்பத்தின் நிழல் தெரிகிறது. பறக்கும் வண்டிக்கு இது போதாது. தரை வண்டிக்கும் போதாது என்று பெருமனை சொன்னது. நயினார் கேட்கவில்லை. இருவரும் துளைமுனையிலிருந்து கிளம்பிவிட்டார்கள். மங்கை வண்டியின் முன்விளக்கில் வழியைப் பார்த்துச் சொல்ல, அவன் நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். விடிந்தால் வந்துவிடுவார்கள்.


நாள் 619, இரவு

செம்பா பேச்சில் தொடர்ச்சி இல்லை. நான் யாரென்று தெரிகிறது. இடையில் ஒருதரம் தெளிவாகக் கேட்டாள்.

“ஆச்சி, அம்மாட்ட என்ன சொல்லணும்?”

பழக்கம். என்னிடமிருந்து வாங்கி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிற பழக்கம். ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். நம்பாதவள் மாதிரி பார்த்தாள்.

கை கால் வெட்டி இழுக்கிறது. நாடி தாளம் தப்புகிறது. டாக்டர் இணைப்பிலேயே இருக்கிறார். “இருக்கேன் ஆச்சி” என்கிறார் அவ்வப்போது. இருந்து என்ன செய்ய. ஆனால் இரைச்சலாவது வரட்டும், அணைக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.


நாள் 620

மணி எழுதவில்லை. பெட்டி குறித்துவைத்திருக்கும்.

என் மடியில்தான். விசில் வந்தது, நிறுத்தம் வந்தது, நான் கரகரப்புக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் வேறு அலைவரிசைக்கு மாற்றிவிட்டுப் பேசினார்.

சற்குணம்: “இப்பச் சொல்லாதிய ஆச்சி. விளிம்போட குறுகலான இடத்துல இருக்காவ. நயினார் கை நடுங்கினா ரெண்டு பேரும் போயிருவாவ. வந்து கதவத் தொறக்கட்டும். அப்பச் சொல்லிக்கிடலாம்.”

சரி என்றேன். அவர் சொன்னதில் நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

முகத்தைத் துடைத்தேன். வாயை மூடினேன், தாடை இப்போது ஒழுங்காக மூடுகிறது. தலை சீவினேன்.

மங்கை கூப்பிட்டாள்.

மங்கை: “அத்தை, முழிச்சிருக்காளா?”

“தூங்குதா.”

மங்கை: “எழுப்ப வேண்டாம். மைக்க அவ மூக்குப் பக்கத்துல கொஞ்சம் வையுங்க. மூச்சு கேட்டாப் போதும் எனக்கு. இவ்வோ பயப்படுதாவ. கேட்டா தைரியமா ஓட்டுவாவ.”

என்ன சொல்லி மறுக்க. மைக்கை எடுத்தேன். செம்பா பக்கத்தில் வைத்தேன், பழக்கதோஷத்தில். பிறகு எடுத்து என் மூக்கருகில் வைத்துக்கொண்டேன்.

எந்த இடத்தில் விசில், எந்த இடத்தில் நிறுத்தம், எவ்வளவு கரகரப்பு, எல்லாம் தெரியும். நாலு நாள் என் நெஞ்சில் சாய்ந்து விட்ட மூச்சு. ஒன்றும் மறக்கவில்லை.

இடது கையில் மைக். வலது கையால் எழுதுகிறேன். எழுதாவிட்டால் குரல் வந்துவிடும்.

அந்தப் பக்கம் மங்கை அவனிடம் சொல்வது கேட்கிறது. “மூச்சு நேத்தையவிட இப்ப சீரா இருக்கு. நல்லாத் தூங்குதா. மெள்ளவே போங்க, அவசரம் இல்ல.”

வண்டி வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் எழுத்தில் அனுப்பியிருக்கிறார்.

இழுத்து. நிறுத்தி. விட்டு.

இழுத்து. நிறுத்தி.